நாலு பேர், நாலு வேலை: நால்வர் இசைக்குழு ஒன்றை அமைக்கும் முறை

இருபது பேர் பாடும் பஜனையிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ ஒருவர் சுருதி விலகினால் பக்கத்தில் நிற்பவரின் குரல் அதை மூடிவிடும். நால்வர் குழுவில் அப்படி நடக்காது. ஒவ்வொருவரும் ஒரு வரியைத் தனியே சுமக்கிறார்; அவர் விட்டால் எடுக்க ஆளில்லை. ஆகவே பாட்டைத் தேர்வதற்கு முன்பே நாலு கேள்விக்கு விடை எழுதி வையுங்கள். சுருதிக்கு யார் பொறுப்பு? காலப்பிரமாணத்துக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு, யார் பொறுப்பு? மெட்டை யார் கொண்டுபோகிறார்? மெட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் இருக்கும் வெளியை யார் நிரப்புகிறார்?

எந்த இசை மரபிலும் இந்த நாலு வேலைகளும் இருக்கும். எந்த வேலை யார் கையில் என்பதுதான் மாறும். கர்நாடகக் கச்சேரியில் சுருதி தம்புராவிடம், காலம் மிருதங்கத்திடம். மேற்கத்தியக் கம்பி நால்வரில் சுருதிக்கு அடித்தளம், வயலின் இனத்தில் தாழ்ந்த சுரம் தரும் செலோ. காலம் முதல் வயலின்காரரின் மூச்சிலும் வில்லசைவிலும் இருக்கிறது. ஜாஸில் காலத்தை டிரம்ஸ் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் அதைத் தாங்குவது பாஸ் வாத்தியம். கூத்தில், அதைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளம் காலத்தோடு ஆட்டக்காரரின் வரவையும் முடிவையும் சேர்த்தே நடத்துகிறது. ஒரு மரபில் தேர்ந்தவர் இன்னொன்றில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய இடத்தில் செய்த வேலையையே புது இடத்திலும் செய்ய முற்படுவதுதான்.

ஆட்களைச் சேர்த்தல்

இலங்கையின் கிழக்கில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் படித்தவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களிலும் சங்கீத ஆசிரியர்களாக இருக்கிறார்கள். மெதடிஸ்த மிஷன் 1814இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டது. நாலு குரலில் பாடிப் பழகியவர்களைத் தேவாலயங்களில் தேடலாம். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் வயலினும் கிற்றாரும் கைவந்தவர்கள் உண்டு. காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை றபான் என்ற ஒருமுகத் தோற்கருவி அடிப்பவர்களையும், கூத்தாடும் ஊர்களில் மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் தெரிந்தவர்களையும் காணலாம்.

திறமையான நாலு தனிக்கலைஞர்களைச் சேர்த்தால் நல்ல நால்வர் குழு ஆகிவிடாது. தன் வரி ஓய்ந்திருக்கும்போது மற்றவரைக் கேட்கத் தெரிந்தவரை முதலில் எடுங்கள். சோதிக்க எளிய வழி: இருவரை ஒரே பாட்டைச் சேர்ந்து பாடவோ வாசிக்கவோ சொல்லி, நடுவில் ஒருவரிடம் மட்டும் சைகை காட்டி மெதுவாக்கச் சொல்லுங்கள். மற்றவர் இரண்டு ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) அதை உணர்ந்து கூடவே வந்தால் அவர் உதவுவார். உணராமல் தன் வேகத்திலேயே போகிறவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் குழுவில் கஷ்டம்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வாழைச்சேனையில் ஒருவர், அக்கரைப்பற்றில் ஒருவர் என்றால் வாரத்துக்கு இரண்டு ஒத்திகை நடக்காது. களுவாஞ்சிக்குடி, கல்முனை போன்ற நடு இடத்தில் ஒரு மண்டபமோ வகுப்பறையோ கிடைத்தால் இரு பக்கத்தவரும் கடைசி பஸ்ஸுக்கு முன் வீடு சேரலாம்.

சுருதியைத் தீர்மானித்தல்

சுருதியின் உயரத்தை எண்ணால் சொல்லும் கட்டைக் கணக்கும் மேற்கத்திய சுரப் பெயரும் பழகியவர்கள் ஒரே குழுவில் சேரும்போது முதல் நாளே குழப்பம் வரும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் அரைக் கட்டை இல்லை. ஹார்மோனியத்தில் அங்கே கறுப்புக் கட்டை இல்லாததே காரணம்.

பொதுவாக ஆண் பாடகர் 1 அல்லது 1½ கட்டையிலும் பெண் பாடகர் 4½ முதல் 5½ வரையிலும் பாடுவார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வரியைச் சேர்ந்து பாட வேண்டுமென்றால் இருவரில் ஒருவர் மேல் ஸ்தாயியிலோ கீழ் ஸ்தாயியிலோ சிரமப்படுவார். கர்நாடக நால்வரில் தலைமைப் பாடகர் ஒருவரே இருப்பது நல்லது என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

சுருதி சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் சுருதிப் பெட்டி அல்லது தம்புரா. தம்புராவின் நாலு கம்பிகள் ப, மேல் ச, மேல் ச, கீழ் ச என்று நிற்கும். அடுத்து வயலின்: கர்நாடக முறையில் கனத்த கம்பியிலிருந்து ச, ப, ச, ப. அதன் பின் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், ச-வில். கடைசியில் கடம் அல்லது கஞ்சிரா. பலர் மிருதங்கத்தை முதலில் சேர்த்துவிட்டு வயலினை அதற்கு இழுக்கிறார்கள். தோல் அடுத்த பத்து நிமிடத்தில் நகரும்; வயலினும் கூடவே தவறிய இடத்தில் நிற்கும்.

மிருதங்கத்தில் தோலின் விளிம்பைச் சுற்றிப் பின்னிய மூட்டின் மேல் கல்லாலும் கட்டையாலும் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். ஓரிடத்தைத் தட்டினால் உடனே எதிர்ப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். வட்டம் முழுவதும் ஒரே நாதம் வந்தால்தான் சேர்ந்தது. ஒரே பக்கமாக இறுக்கினால் ச இரண்டாகப் பிளந்து கேட்கும். கடத்தைச் சுட்ட பிறகு சுருதியை மாற்ற ஏறக்குறைய வழியில்லை. உட்புறம் சிறிது களிமண்ணோ மெழுகோ ஒட்டி மிகச் சிறிதளவு இறக்கலாம், அவ்வளவுதான். ஆகவே கடம் வாங்கும்போதே குழுவின் கட்டையைச் சொல்லி வாங்க வேண்டும். கஞ்சிராவில் உட்புறத் தோலில் சில துளி நீர் தடவினால் சுருதி இறங்கி நாதம் திறக்கும். நீர் கூடினால் சத்தம் செத்துவிடும்.

கோயில் மேளமும் நால்வர் அமைப்புத்தான்: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். இரு நாதஸ்வரங்களும் ஒரே கட்டையில் செய்யப்பட்டவையாக இருந்தாலும் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாக்கு) வேறுபட்டால் சேராது. ஒரே நேரத்தில் செய்த, ஒரே அகலமுள்ள சீவாளிகளை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் ஓரளவு சரிசெய்யலாம். குளிர்ந்த குழலில் சுருதி பார்க்காதீர்கள். பத்து நிமிடம் ஊதிய பிறகே பாருங்கள்.

நாலு குரல்

வாத்தியம் எதுவும் இல்லாத குரல் நால்வர்தான் எல்லாவற்றிலும் கடினம், எல்லாவற்றிலும் மலிவு. தேவாலய முறையில் சொப்பிரானோ, ஆல்ட்டோ, தெனோர், பாஸ். ஏறக்குறைய எல்லைகள் இவை: பாஸ் நடு சி-க்கு ஒன்றரை ஸ்தாயி கீழே உள்ள எஃப் முதல் நடு சி வரை, தெனோர் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து நடு சி-க்கு மேலுள்ள ஜி வரை, ஆல்ட்டோ நடு சி-க்குக் கீழுள்ள ஜி முதல் மேல் ஸ்தாயி டி வரை, சொப்பிரானோ நடு சி முதல் மேல் ஸ்தாயி ஜி வரை. உச்ச சுரத்தை ஒருவர் தொட முடிகிறதா என்பது போதாது. அங்கே எட்டு எண்ணிக்கைக்கு நிற்க முடிகிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே வேர்விட்டு வளர்ந்த பார்பர்ஷாப் முறையில் அடுக்கு வேறு. மெட்டு உச்சியில் இல்லை. லீட் என்ற இரண்டாவது குரலில் இருக்கிறது. தெனோர் அதற்கு மேலே மெல்லிய குரலில் மிதக்கும். பாஸ் அடியில் நிற்கும். பாரிடோன் விட்ட சுரத்தை எல்லாம் பொறுக்கி எடுக்கும். அந்த வரி தனியே கேட்டால் பாட்டாகவே இராது. அதனால் பாரிடோனுக்கு மெட்டுப் பாட ஆசைப்படாத, சுரஞானம் மிகுந்த ஒருவர் தேவை. சத்தத்தில் பாஸும் லீடும் முன்னே, பாரிடோன் அடக்கம், தெனோர் எல்லாரிலும் மெல்லிது. தேவாலயத்தில் சொப்பிரானோ பாடி வந்தவர் இங்கே தெனோருக்கு வந்தால் பழக்கத்தால் மேல் வரியைத் தூக்கிப் பாடுவார், மெட்டு புதைந்துவிடும். இந்த ஒரு தவறே பெரும்பாலான புதுக் குழுக்களைக் கெடுக்கிறது. 1938இல் ஒக்லஹோமாவின் துல்சா நகரில் இம்முறையைக் காக்கத் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. கொஸ்பெல் நால்வர்கள் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே பாடுபவர் ஐந்தாறு பேராக இருந்தாலும் வரிகள் நாலு என்பதால் நால்வர் என்றே அழைப்பார்கள்.

இந்தக் குரல்கள் கூடும்போது வரும் முழக்கத்தின் இரகசியம் கணக்கில் இருக்கிறது. கூட்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்; பார்பர்ஷாப்பின் உயிரான ஏழாம் சுரக் கூட்டில் நாலு சுரங்களின் அதிர்வெண்கள் 4:5:6:7 என்ற விகிதத்தில் நிற்கும். கீபோட் அப்படி நிற்காது. ஓர் அரைச் சுரத்தை 100 சென்ட் எனக் கொண்டால், கூட்டின் காந்தாரம் (மூன்றாம் சுரம்) கீபோட்டை விட 14 சென்ட் கீழே நிற்க வேண்டும். ஏழாம் சுரம் 31 சென்ட் கீழே. ஐந்தாம் சுரம் 2 சென்ட் மேலே. கீபோட்டைப் போட்டுக்கொண்டே ஒத்திகை பார்த்த குழு மேடையில் கீபோட் இல்லாமல் பாடும்போது ஏன் மங்கிக் கேட்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம். காது தவறான காந்தாரத்துக்குப் பழகிவிட்டது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நன்றாகச் சேர்ந்த தம்புராவில் அதற்கெனக் கம்பி எதுவும் இல்லாமலே அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கும். அதுவே 5:4 விகிதத்தில் நிற்கும் காந்தாரம். தம்புராவின் முன் உட்கார்ந்து அதைக் கேட்டுப் பழகியவர், கீபோட்டில் வளர்ந்தவரை விட விரைவாகக் கூட்டைப் பூட்டுவார்.

பயிற்சி முறை: பாஸ் ச-வைப் பிடிக்கட்டும். மற்ற மூவரும் அதே ச-வில், அவரவர் ஸ்தாயியில், "ஆ" என்று சேரட்டும். நாலு குரலும் ஒன்றாகத் தோன்றும் வரை அடுத்ததுக்குப் போகாதீர்கள். பின் லீட் அங்கேயே நிற்க ஒருவர் பஞ்சமத்துக்குப் போகட்டும். பஞ்சமம் அசையாமல் நின்ற பிறகே காந்தாரத்தைச் சேருங்கள். கடைசியில் ஏழாம் சுரம். இந்த ஒழுங்கை மாற்றிக் காந்தாரத்தை முதலில் வைத்தால், பஞ்சமம் தவறான காந்தாரத்துக்கு இசைந்து கூட்டு முழுவதும் சரியும்.

உயிரெழுத்தும் சுருதிதான். நால்வரில் ஒருவர் "ஆ"-வை வாய் திறந்தும் இன்னொருவர் "அ" போல ஒடுக்கியும் பாடினால் சுரம் சரியாக இருந்தும் கூடாது. தமிழ்ப் பாட்டில் சொல் ம், ன், ல் என்று முடியும் இடங்களில் நெடில் உயிரில் நின்று, லீடின் தலையசைவில் நால்வரும் ஒரே கணத்தில் மெய்யை மூடுங்கள். ஒருவர் முந்தி "ம்" சொன்னால் கூட்டின் கால்பங்கு சத்தம் திடீரென அணையும்.

பாட்டு முடிவில் சுருதிப் பெட்டியை மீண்டும் போட்டுப் பாருங்கள். கால் கட்டை இறங்கியிருந்தால் பழி பெரும்பாலும் பாஸ்காரர் மேல் விழும். ஆனால் இறக்கம் வழக்கமாக மெட்டில் தொடங்குகிறது: லீட் இறங்குவரிசையில் ஒவ்வொரு சுரத்தையும் சற்று அதிகமாக இறக்குகிறார். மெட்டை மட்டும் தனியே, சுருதிப் பெட்டியோடு, மெதுவாகப் பாட வைத்தால் எந்தச் சுரத்தில் என்று தெரியும்.

கம்பி நால்வர்

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ. வயலினின் கம்பிகள் கனத்ததிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. வயோலா சி, ஜி, டி, ஏ. செலோ அதே எழுத்துகள், ஒரு ஸ்தாயி கீழே. ஏ கம்பியை 440 ஹேர்ட்ஸில் வைத்து மற்றவற்றைப் பஞ்சமம் பஞ்சமமாக எடுப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செலோவின் சி-யிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று நாலு சுத்த பஞ்சமம் ஏறினால் வயலினின் ஈ கம்பிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஈ-க்கு வருகிறோம். அந்த ஈ, செலோவின் சி-க்கு இனிய காந்தாரமாக இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 22 சென்ட் மேலே நிற்கும். ஒவ்வொரு வாத்தியமும் தனியே சரியாகச் சேர்ந்திருக்கும். நாலும் சேர்ந்தால் கசக்கும். பரிகாரம்: பஞ்சமங்களைச் சிறிதே ஒடுக்குங்கள். ஏ-யை எல்லாரும் எடுத்த பின், வயோலாவும் செலோவும் தங்கள் ஜி, சி கம்பிகளை மயிரிழை அளவு மேலே வைத்து, இரண்டு சி-யையும் ஒன்றோடொன்று ஒப்பிடட்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புகளின் அளவைக் கணக்கிட்டு ஆராய்ந்தது இதே நிலத்தில்தான். குரலுக்கும் இளிக்கும், அதாவது ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவைப் பிடித்துக்கொண்டே மற்ற நரம்புகள் பிறக்கின்றன.

வயோலாவும் செலோவும் இங்கே எளிதில் கிடைக்காது. வயோலா வரியை வயலினில் வாசிக்க இரண்டு வழி உண்டு. வயலினுக்கென்றே விற்கும் சி, ஜி, டி, ஏ கம்பிகளைப் பூட்டலாம். நாதம் சற்று மெலியும், ஆனால் சுரங்கள் எல்லாம் கிடைக்கும். அல்லது ஜி-க்குக் கீழே போகும் சுரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி உயர்த்தி எழுதலாம். அப்போது இரண்டாம் வயலினோடு மோதும் இடங்களைப் பார்த்து மாற்ற வேண்டும். செலோவுக்குப் பதில் கீபோட்டில் செலோச் சத்தம் வைப்பதை நாங்கள் விரும்பவில்லை. கீபோட்டின் காந்தாரம் மற்ற மூவரையும் இழுத்துவிடும். செலோ கிடைக்கும் வரை மூன்று வயலின்களுக்கு எழுதிய இசையை வாசிப்பது மேல்.

கர்நாடக வயலின்காரர்கள் இக்குழுவுக்கு வரும்போது இரண்டு பழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்: சுரத்தை அசைத்து வளைக்கும் கமகமும், தரையில் அமர்ந்து வாத்தியத்தைக் காலில் ஊன்றிப் பிடிப்பதும். நாற்காலியில் அமர்ந்து தோளில் பிடித்து வாசிக்க இரண்டு மாதமாவது ஆகும். இடது கை சுரத்துக்குச் சுரம் தாவிப் பிடிக்கப் பழக வேண்டும், வழுக்கிப் போகக் கூடாது.

தொடங்குவதற்கு ஹைடன் நல்லவர். அவர் எழுதிய 68 நால்வர் இசைகளிலிருந்து ஆட்ட நடையிலான ஒரு மினுவெட்டையோ மெதுவான பகுதியையோ எடுங்கள். பீத்தோவனின் 16இல் கடைசிக் காலத்தவற்றைத் தொடாதீர்கள். கை பழகிய குழுக்களுக்கே அவை பல வருட வேலை. எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்க, முதல் வயலின்காரர் பாட்டின் வேகத்திலேயே ஓர் எண்ணிக்கை மூச்சிழுத்து வாத்தியத்தைச் சிறிது உயர்த்துவார். மூச்சு வேகம் ஒன்று, பாட்டின் வேகம் வேறொன்று என்றால் முதல் பார் (தாளச் சுற்று) கலையும்.

ஜாஸ் நால்வர்

சாக்ஸபோன் அல்லது எக்காளம் ஒன்று, பியானோ அல்லது கீபோட், பாஸ், டிரம்ஸ். நம் பக்கத்தில் பாஸ் கிற்றாரும் கீபோட்டும் எளிதில் கிடைக்கும், சாக்ஸுக்குப் பதில் புல்லாங்குழலும் வைக்கலாம். பாட்டின் உருவம் எளிது: மெட்டை ஒருமுறை சேர்ந்து வாசித்து, அதே கூட்டு வரிசையின் மேல் ஒவ்வொருவராகக் கற்பனை வாசித்து, மீண்டும் மெட்டுக்கு வந்து முடிப்பது. 12 பார் நீளக் கூட்டு வரிசை கொண்ட புளூஸில் தொடங்குங்கள்.

முதல் கோளாறு கீபோட்டின் இடது கை. தனியே வாசித்துப் பழகியவர் அடிச் சுரத்தை இடது கையால் போட்டுக்கொண்டே இருப்பார். பாஸ் கிற்றாரும் அதே இடத்தில் நடக்கும்போது அடித்தளம் சேறாகும். கீபோட்காரர் நடு சி-யைச் சுற்றியே இரு கையையும் வைத்து, கூட்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் இடைவிட்டுத் தொட வேண்டும். பாஸ் ஒவ்வொரு பாரிலும் நாலு சுரம் நடக்கட்டும். முதல் எண்ணிக்கையில் கூட்டின் அடிச் சுரம் விழட்டும். கீபோட்டே இல்லாமலும் வாசிக்கலாம். 1952இல் ஜெரி மலிகன் பாரிடோன் சாக்ஸ், எக்காளம், பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து ஒரு நால்வர் நடத்தினார். கூட்டைச் சொல்ல ஆளில்லாததால் இரு ஊதுகுழல்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் வரிகளைப் பின்னின.

தனி வாசிப்பின் முடிவில் நாலு பார் சாக்ஸ், நாலு பார் டிரம்ஸ் என்று மாறி மாறி வரும் வழக்கம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்யும் பரிமாற்றத்துக்கு மிக நெருக்கம். வேறுபாடு என்னவென்றால், அதில் குறைப்பு என்ற பகுதியில் அளவு சுருங்கிக்கொண்டே போய் இருவரும் சேர்ந்து முடிப்பார்கள்; ஜாஸில் அளவு மாறாது, பாட்டின் கூட்டு வரிசை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மிருதங்கக்காரர் அதை மறந்து கோர்வையில் (முடிப்புக்குரிய தாளக் கோப்பில்) இறங்கினால் சாக்ஸ்காரர் திரும்பி வர இடம் தெரியாமல் நிற்பார். 1958இல் இலங்கைக்கும் வந்துபோன டேவ் புரூபெக் நால்வர் அடுத்த வருடம் 5 எண்ணிக்கையில் பதிவு செய்த இசை இன்றும் பலரின் விருப்பம். அதில் 5 என்பது 3+2 ஆகப் பிரியும். ஐந்து எண்ணிக்கையுள்ள நம் தாளமான கண்டசாபு 2+3. எண்ணிக்கை ஒன்றுதானே என்று கண்டசாபுவைப் போட்டால் அழுத்தம் இடம் மாறி விழும்.

கூத்தும் கப்ரிஞ்ஞாவும்

கூத்தின் பக்கவாத்தியத்தைச் சிறு மேடைக்குச் சுருக்கும்போது நால்வர் போதும்: மத்தளத்தோடு அண்ணாவியார், சல்லரி ஒருவர், பிற்பாட்டு இருவர். கூத்தின் இரு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்பதை முதலே தீர்மானியுங்கள். ஆட்டமும் பாடலை இழுக்கும் முறையும் வேறு. சல்லரிக்காரர் முந்தினால் மத்தளமும் முந்தும். ஆட்டக்காரரின் காலைப் பார்த்துச் சல்லரி போடப் பழக வேண்டும், மத்தளக்காரரின் கையைப் பார்த்தல்ல. கூத்தின் வட்ட மேடையான வட்டக்களரியில் திறந்தவெளிக்காக உச்சத்தில் எடுக்கும் பாட்டை மண்டபத்தில் மைக்குக்கு அதே உயரத்தில் எடுக்கத் தேவையில்லை. இரண்டு கட்டை இறக்கினால் பிற்பாட்டு இருவரும் கடைசி வரை தாங்குவார்கள்.

பறங்கியரின் ஆட்ட இசையான கப்ரிஞ்ஞா 6/8 ஓட்டம். வயலின் மெட்டுக்கு, கிற்றார் கூட்டுக்கு, இன்னொரு கம்பி வாத்தியம் இடைநிரப்புக்கு, றபான் அல்லது கைப்பறை தாளத்துக்கு. மிருதங்கக்காரர் சேர்ந்தால் அந்த ஆறு அட்சரத்தை ரூபகம் போல 2+2+2 ஆகக் கேட்பார். வயலின் 3+3 ஆகப் போகும். ஆறுக்கு ஒருமுறை இருவரும் சந்திப்பதால் தவறு உடனே தெரியாது, ஆனால் ஆடுபவரின் கால் தட்டும். திஸ்ர நடையில் (மும்மூன்றாக) இரண்டு அடி என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்.

ஒத்திகை

நாலு பேரில் ஆறு சோடிகள் இருக்கின்றன. எந்த மரபாக இருந்தாலும், ஒவ்வொரு சோடியும் மட்டும் வாசிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். மொத்தம் அரை மணித்தியாலம். வயலினும் கடமும் மட்டும், ஆல்ட்டோவும் பாஸும் மட்டும் என்று வழக்கமாகத் தனித்துச் சேராத சோடிகளில்தான் குறைகள் ஒளிந்திருக்கும். மற்ற இருவரும் அப்போது கேட்டு, ஒரு திருத்தம் மட்டும் சொல்லட்டும்.

வாரம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், எட்டு வாரம்: இது ஓர் அரைமணி நிகழ்ச்சிக்கு ஏற்ற அளவு. முதல் கால்மணி சுருதியும் சரளியும், அடுத்த அரைமணி சோடிகள், மீதி பாட்டு. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒருமுறை நிறுத்தாமல் முழுவதும் வாசித்துக் கைபேசியில் ரெக்கோட் பண்ணுங்கள். கைபேசியை இரண்டு மீற்றர் தூரத்தில், யாருக்கும் அருகில் இல்லாமல் நடுவில் வையுங்கள். கேட்கும்போது முதலில் உங்கள் வரியைத் தவிர்த்து அடி வரியை மட்டும் கேளுங்கள்.

கச்சானும் மாரியும்

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையில் மாமாங்கமும் திருக்கோவிலும் என்று நம் பக்கத்துத் திறந்தவெளி நிகழ்ச்சிகளில் பல கச்சான் காற்றடிக்கும் காலத்தில் வருகின்றன. அந்தச் சூடான வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். மிருதங்கத் தொப்பியில், அதாவது கனத்த ஒலி தரும் மறுமுகத்தில், ஒட்டிய ரவை காய்ந்து வெடித்து உதிரும். பக்கத்தில் ஈரத்துணியும் பிசைந்த ரவையும் வையுங்கள். கஞ்சிராவுக்கு ஒவ்வொரு உருப்படிக்கும் முன் நீர் தேவைப்படும். புல்லாங்குழலும் சாக்ஸும் சூட்டில் ஏறும், ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட். ஏசி அறையில் சுருதி பார்த்துவிட்டு வெளியே வந்தால் கம்பிகள் இறங்க, குழல் ஏற, இடைவெளி இரு பக்கமும் விரியும். வாத்தியங்களை மேடையில் அரைமணி வைத்த பிறகே சுருதி சேருங்கள்.

மாரியில் எல்லாம் தலைகீழ். தோல் தளர்ந்து, மரம் ஊதி, வயலினின் முறுக்காணி அசைய மறுக்கும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்று போதும். தவிலையும் மத்தளத்தையும் நெருப்பில் காய்ச்சாதீர்கள். மின்விளக்கின் இளஞ்சூடு போதும்.

மேடை

கர்நாடக நால்வரில் பாடகர் நடுவில், அவரின் இடப்புறம் வயலின், வலப்புறம் மிருதங்கம். வலந்தலை சபையை நோக்கும். இடக்கையால் வாசிக்கும் மிருதங்கக்காரர் மறுபக்கம் மாறி அமர்வார். கம்பி நால்வர் அரைவட்டமாக, சபையின் இடமிருந்து முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செலோ. குரல் நால்வரில் லீடும் பாஸும் நடுவில், தோள் உரசும் தூரத்தில்.

கோயில் வீதியில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளை எடுக்காது. செலோ, பாஸ் கிற்றார், மிருதங்கத்தின் தொப்பி, பாஸ் குரல் எல்லாம் அதில் காணாமல் போகும். கூம்பு மட்டுமே இருக்கும் இடத்துக்கு மேளத்தையோ கூத்தையோ கொண்டுபோங்கள். கம்பி நால்வரையும் குரல் நால்வரையும் பெட்டி ஸ்பீக்கர் உள்ள மண்டபத்துக்கு வையுங்கள். குரல் நால்வருக்கு நாலு மைக்கை விட நடுவில் ஒன்றோ இரண்டோ நல்ல மைக் மேல், ஏனெனில் சத்தத்தின் சமநிலை பாடுபவர்களின் கையில் இருக்க வேண்டும். தனித்தனி மைக் கொடுத்தால் ஒலி அமைப்பாளர் தெனோரைத் தூக்குவார், மேல் வரிதான் மெட்டு என்று அவர் நினைப்பது இயல்பு. மிருதங்கத்துக்கு இரு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் ஒவ்வொன்று. கச்சான் காலத்தில் எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை போடுங்கள்.

மொனிற்றர் ஸ்பீக்கரில் மெட்டை விடச் சுருதிக்கு அதிக இடம் கேளுங்கள். சுருதிப் பெட்டி கரண்டில் மட்டும் ஓடுவதென்றால், மின்பிறப்பாக்கி மாறும் கணத்தில் அது நின்றுபோகும். கைபேசியிலும் ஒரு தம்புராச் செயலியை அதே கட்டையில் தயாராக வைத்து, அழைப்பு வராதபடி விமான நிலையில் போட்டு, வயலின்காரரின் முழங்காலுக்கு அருகில் வையுங்கள்.